தேர்தல் பத்திரம்: இரண்டு பட்டியலையும் பொருத்த

வணக்கம் நண்பரே. கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க ஸ்டேட் வங்கி விற்ற தேர்தல் பத்திரங்களை வாங்கிய நிறுவனங்களையும் அதைப் பணமாக்கிய கட்சிகளையும் தேதி, தொகை வைத்துப் பொருத்தினால் ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வராது. ஒரே நாளில் பலர் ஒரு கோடிப் பத்திரம் வாங்கியிருக்கிறார்கள்.

உங்களிடம் இருப்பது 2024 மார்ச் 14-இல் வந்த பட்டியல் போலிருக்கிறது. அதில் பத்திர எண் கிடையாது. தேர்தல் ஆணையத் தளத்தில் மார்ச் 21-இல் ஏற்றியதை எடுங்கள். உச்ச நீதிமன்றம் ஸ்டேட் வங்கியை விடாமல் பிடித்து வாங்கித் தந்த எண்கள் அவை. பத்திர எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளையும் எண்ணையும் சேர்த்தே பொருத்துங்கள், சரியாக உட்காரும். 2019 ஏப்ரல் 12-க்கு முந்தையவை இதில் இல்லை.

அப்புறம், முதலில் கோயம்புத்தூர் லாட்டரி நிறுவனத்தின் 1,368 கோடியைத் தொடருங்கள். அது எந்தெந்த மாநில ஆளுங்கட்சிகளுக்குப் போனது என்று பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.