காசிமேட்டு அம்மாவுக்கு: மகள் நட்சத்திரம் படித்தால் சம்பளம் வருமா?

அம்மா, பால்வீதியின் நடுவே இருக்கும் ஆதி நட்சத்திரங்களை ஆராயப் போகிறேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள், இதற்கு யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தருவார்கள். ஆனால் முதல் 5 வருடம் வீடுதான் தாங்க வேண்டும்: பி.எஸ்சி. 3, எம்.எஸ்சி. 2. அடுத்து பி.எச்டி., 5 அல்லது 6 வருடம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 விகிதப்படி முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. நிரந்தர வேலைக்கு அதற்கும் மேல் சில வருடம் ஆகும், இடங்களும் குறைவு. இதை மறைத்துப் பேசுபவர்களை நம்பாதீர்கள்.

வானியல் என்ற பெயரில் பட்டம் தேடி அலைய வேண்டாம். பி.எஸ்சி. இயற்பியல் போதும், நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் 1930இல் முடித்த மாநிலக் கல்லூரி சென்னைக் கடற்கரையிலேயே இருக்கிறது. மூன்றாம் வருடம் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி., பிறகு பி.எச்டி.க்கு ஜெஸ்ட் அல்லது நெட் தேர்வு. ஜாம் வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழ் வழியில் படித்தவள் என்றால் முதல் செமஸ்டரிலிருந்தே ஆங்கிலப் புத்தகத்தில் கணக்குப் போட்டுப் பழகட்டும்.

இனி மகளுக்கு. வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான எல்லாமே உலோகம். பெருவெடிப்பு தந்தது ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம்; மற்றவை பிறகு நட்சத்திரங்களில் உருவானவை. அதனால் இரும்பு குறைந்த நட்சத்திரம் பெரும்பாலும் மூத்தது. மையப் பகுதியில் உலோகம் நிறைந்தவைதான் கூட்டம், நடுவில் தூசி வேறு. எனவே, உலோகம் குறைந்தால் மெலியும் கால்சியத்தின் கருங்கோடுகள் விழும் 393.4, 396.8 நானோமீட்டர் பகுதியை மட்டும் விடும் வடிகட்டியால் முதலில் சலித்து, தேறியவற்றுக்கு மட்டும் நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு) எடுக்கிறார்கள்.

இதற்குப் பயிற்சி இப்போதே தொடங்கலாம். நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த ஐரோப்பிய விண்கலமான கையாவின் 2022 தரவு இலவசம். சாதாரண லேப்டாப்பும் பைத்தான் நிரல் மொழியும் போதும். தனுசு ராசியில் உள்ள எம்22 நட்சத்திரக் கொத்தை எடுத்துக்கொள்: சூரியனைப்போல் சுமார் 50இல் ஒரு பங்கு இரும்பு. மையத்திலிருந்து 0.2 டிகிரிக்குள் உள்ளவற்றை இறக்கு. கொத்தின் உறுப்பினர்கள் ஆண்டுக்குச் சுமார் 11 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 36 லட்சத்தில் ஒரு பங்கு 1 மில்லி ஆர்க்செகண்ட்) ஒரே திசையில் நகர்வதை வைத்துப் பிரித்து, நிறம்–பிரகாச வரைபடம் போடு.

எல்லோரும் சறுக்கும் இடம் தூரம். பூமி சூரியனைச் சுற்றுவதால் நட்சத்திரம் இடம் மாறுவதுபோல் தெரியும் கோணம்தான் இடமாறு கோணம்; அதன் தலைகீழ் மதிப்புதான் தூரம். பால்வீதி மையம் இருக்கும் 26,000 ஒளியாண்டு தொலைவில் அது 0.12 மில்லி ஆர்க்செகண்ட்தான். மங்கலான நட்சத்திரத்துக்குப் பிழையே 0.07 இருக்கும், சிலவற்றுக்கு மதிப்பு எதிர்மறையாகக்கூட வரும். அதைத் தலைகீழாக்கித் தூரம் என்று எழுதாதே. தூசித் திருத்தத்தையும் விட்டுவிடாதே. விட்டால் நட்சத்திரம் உள்ளதைவிடச் சிவப்பாகத் தெரிந்து, வெப்பநிலை குறைவாகக் கணிக்கப்பட்டு, இரும்பும் குறைவென்று வரும். உலோகம் நிறைந்த நட்சத்திரத்தை மூத்தது என்று எண்ணி ஏமாறுவது அப்படித்தான்.