மாடி ஏறினால் வரும் ‘கேஸ்’

கேள்வி: வீட்டில் சோடா மெஷின் வாங்கி, நன்னாரி, இஞ்சி சிரப் எல்லாம் நானே காய்ச்சுகிறேன். சோடா எலும்பைக் கரைக்கும், கிட்னியில் கல் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கணவருக்கு 54 வயது, சர்க்கரையும் பிபியும் உண்டு. மாடி ஏறினால் கேஸ் நெஞ்சை அடைக்கிறது என்பார். உட்கார்ந்து ஒரு சோடா குடித்தால் ஏப்பம் வந்து சரியாகிவிடும். சிலிண்டர் தீர்ந்த நாளில் எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடா கலந்து குடிக்கிறார். தினமும் குடிக்கலாமா?

பதில்: நாளைக்கே அவரை ஒரு இதய மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். சோடாவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

வயிற்றில் இருக்கும் கேஸுக்கு மாடிப்படி தெரியாது. சாப்பாட்டை ஒட்டி வரும், படுத்தால் கூடும். படி ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் போகிற அடைப்பு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதயத்தின் ரத்தக் குழாய்களை. ஏறும்போது இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். குழாய் சுருங்கியிருந்தால் அது போய்ச் சேராது, நெஞ்சு இறுகும். உட்கார்ந்ததும் தேவை குறையும், இறுக்கம் தளரும். அந்தச் சில நிமிடங்களில் அவர் கையில் ஒரு கிளாஸ் சோடா இருந்தது, பெயர் அதற்குப் போய்விட்டது. ஏப்பம் வந்ததே என்பீர்கள். சோடா குடித்தால் யாருக்குத்தான் ஏப்பம் வராது? மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஏப்பமும் குமட்டலும் வருவதுண்டு.

அவருக்குச் சர்க்கரை இருப்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். பல வருடச் சர்க்கரையில் நரம்புகள் மங்கிவிட்டால் இதய வலி வலியாகவே தெரியாமல் போகலாம். லேசான அடைப்பு, மூச்சிரைப்பு, அசதி என்று வரும். படுக்க வைத்து எடுத்த இசிஜி நார்மல் என்றதும் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். ஓய்வில் எடுக்கும் இசிஜியில் இந்த வகை அடைப்பு பல சமயம் தெரியாது. “படி ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது” என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். எக்கோவா, டிரெட்மில்லா, ஆஞ்சியோவா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இன்னும் வருகிறதா என்று மாடி ஏறிப் பார்க்கும் சோதனையெல்லாம் வேண்டாம்.

சும்மா இருக்கும்போதே அடைப்பு வந்தாலோ, உட்கார்ந்தும் சில நிமிடங்களில் விடாவிட்டாலோ, கூடவே வியர்வை, தாடை அல்லது கைக்குப் பரவும் வலி இருந்தாலோ 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் ஓமத்தண்ணீர் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள். அவரே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பவும் விடாதீர்கள்.

சரி, எலும்புக்கு வருவோம். மெஷின் சோடா வெறும் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும்தான். அதன் புளிப்பு நம் வயிற்று அமிலத்துக்குப் பக்கத்தில்கூட வராது. 2006-இல் வெளியான அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில், கோலா அதிகம் குடித்த பெண்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி குறைவாக இருந்தது. மற்ற சோடா பானங்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் எல்லாமே ஒன்றாகிவிட்டது. வெறும் சோடாவால் கல் வரும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் மட்டும் இரவில் குடிக்க வேண்டாம், எதுக்களிப்பு கூடும்.

சிரப்தான் கவனிக்க வேண்டியது. இரண்டு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் காய்ச்சினால், 30 மில்லி சிரப்பில் சுமார் 25 கிராம் சர்க்கரை வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் அந்த அளவோடு நிறுத்தினால் நல்லது என்கிறது. கருப்பட்டியில் காய்ச்சினாலும் அவருடைய ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அவருக்கு வெறும் சோடாவில் எலுமிச்சையும் இஞ்சியும் போதும்.

ஆப்ப சோடாவை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பொங்குவதால் மெஷின் சோடாவும் இதுவும் ஒன்று என்று நினைக்கிறார் போலிருக்கிறது. ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். பெரியவர்களுக்கு ஒரு நாள் வரம்பே 2,000. பிபிக்காரர் குடிக்கிற பானமா இது? எத்தனை நாளாகக் குடிக்கிறார், எவ்வளவு போடுகிறார் என்பதையும் நாளை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பிபி மாத்திரையின் அளவை மாற்றுவதற்கு முன் அவருக்கு அது தெரிய வேண்டும்.