மரியாளின் முகத்தில் தெரியும் பச்சை, துயரக் குறியீடா?

இல்லை. நீங்கள் படம் அனுப்பிக் கேட்டிருக்கும், குழந்தை இயேசுவோடு மரியாள் இருக்கும் இத்தாலியின் சியெனா நகர மரப்பலகை ஓவியத்தில் அவர் முகம் பச்சையாக இருப்பதில் குறியீடு எதுவுமில்லை. மேல்பூச்சு தேய்ந்து அடிப்பூச்சு வெளியே தெரிகிறது.

அக்கால இத்தாலிய ஓவியர்கள் தோல் வரும் இடத்தில் முதலில் பச்சை மண் நிறமியை ஈய வெள்ளையோடு கலந்து பூசினார்கள். 1400 வாக்கில் ஓவியக் கையேடு எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி இரண்டு பூச்சு சொல்கிறார். அதன்மேல் சாதிலிங்கச் சிவப்பும் வெள்ளையும் கலந்த இளஞ்சிவப்பை, முட்டை மஞ்சள் கருவில் குழைத்து, மெல்லிய கோடுகளாக அடுக்கினார்கள். பச்சை அடியில் இருந்ததால்தான் அந்தச் சிவப்புக்கு உயிர் வந்தது. நிழலுக்கும் அதுவே உதவியது. பின்னாளில் கடுமையாகச் சுத்தம் செய்தபோது முதலில் போனது இந்த மெல்லிய அடுக்குதான்.

சரிபார்க்க, படத்தைப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள்: கன்னம், தாடையின் அடிப்பகுதி, குழந்தையின் கைகள். கன்னத்தில் இளஞ்சிவப்புக் கோடுகள் விட்டுவிட்டுத் தெரிந்தால் தேய்மானம்தான். குழந்தையின் தோலும் பச்சையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். தாடைக்கடியில் மட்டும் பச்சை என்றால் அது ஓவியரே விட்ட நிழல்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இறந்தவர் முகத்துக்கு இளஞ்சிவப்பு வைக்கக் கூடாது என்று சென்னினியே எழுதியிருக்கிறார். ஆகவே சிலுவையில் இறந்த கிறிஸ்துவின் உடல் பச்சையாக இருந்தால், அது வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம்.

துயரக் குறியீடுதான் தேடுகிறீர்கள் என்றால் குழந்தையின் கையைப் பாருங்கள். அங்கே கோல்ட்ஃபிஞ்ச் குருவி இருந்தால், அது இயேசு சிலுவையில் படப்போகும் பாடுகளைக் குறிக்கும்.