அடுத்த காம்பராவில் கேட்கும் சிம்பொனி

கேள்வி: போலந்து இசையமைப்பாளர் குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனியைப் போன இதழில் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தீர்கள். போனில் போட்டுக் கேட்டேன். பத்து நிமிடத்துக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் ஒரு பெண் ஒப்பாரி வைக்கிறாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. தேயிலைத் தோட்டத்துக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு ஐயா?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: ஒரு சொல்லும் விளங்கவில்லை என்கிறீர்கள். ஒப்பாரி என்பது மட்டும் எப்படி விளங்கியது?

சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். 1976இல் எழுதிய அந்த இசைக்கு அவர் வைத்த பெயரே 'சோகப் பாடல்களின் சிம்பொனி'. மூன்று பகுதி, மூன்றுமே மெதுநடை, பாடுவது ஒரே ஒரு சொப்ரானோ, அதாவது உச்சக் குரல் பாடகி. முதலாவது 15ஆம் நூற்றாண்டுப் புலம்பல்: உன் காயத்தில் எனக்கும் பங்கு கொடு என்று சிலுவையில் கிடக்கும் மகனிடம் மரியாள் கேட்கிறாள். இரண்டாவது, 1944இல் சகோபானே ஊரில் கெஸ்டாப்போ என்ற நாஜி இரகசியப் பொலிஸின் சிறைச் சுவரில் 18 வயதுப் பெண்ணொருத்தி எழுதி வைத்தது. பழிவாங்கச் சொல்லவில்லை. அம்மாவை அழ வேண்டாம் என்கிறாள், மரியாளைத் துணைக்குக் கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். (சகோபானேயும் மலையூர்தான்.) மூன்றாவதில், சைலீசியா என்ற பகுதியில் ஜெர்மானியருக்கு எதிராக நடந்த எழுச்சியில் கொல்லப்பட்ட மகனைத் தேடித் திரிகிறாள் ஒரு தாய். எந்த மண்ணுக்குள் கிடக்கிறான் என்று தெரியாததால் குருவிகளை அவனுக்காகப் பாடச் சொல்கிறாள்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்களோடு ஆட்கள் புதைந்தார்களே. தோண்டியும் கிடைக்காதவர்கள் பலர். இந்த மூன்றாவது பாட்டை அங்கே போய் யாரும் விளக்கப்படுத்த வேண்டியதில்லை.

ஒன்றுமே நடக்காத அந்தப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். ஆக அடியில் டபுள் பேஸ்கள், தந்தி வாத்தியங்களில் ஆகக் கனத்த குரல் உள்ளவை, தனியாகத் தொடங்குகின்றன. அதே மெட்டைக் கொஞ்சம் மேலே எடுத்து அடுத்த தந்தி வாத்தியம் சேர்கிறது, அதற்கும் மேலே இன்னொன்று. முன்னே தொடங்கியது நிற்பதில்லை. எழவு வீட்டு இஸ்தோப்பில் ஒரு கிழவி தொடங்குவாள், அடுத்த காம்பராக்காரி வந்து கட்டிக்கொண்டு சேர்வாள், பிறகு மேல் லயத்துப் பெண்கள் வருவார்கள். அப்படித்தான் இதுவும். எல்லாம் ஏறி, பிறகு அடங்கி ஒற்றைச் சுரத்தில் நிற்கும்போதுதான் தாயின் குரல் எழும்புகிறது. அவள் முடித்ததும் தந்திகள் திரும்பவும் பெருகி, ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் அந்தப் பேஸ்கள் மட்டும் மிஞ்சும். ஆட்கள் போன பிறகு விளக்கடியில் ஒருத்தி முனகிக்கொண்டிருப்பாளே, அதுபோல.

1992இல் டோன் அப்ஷா பாடி வெளிவந்த இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. வாங்கியவர்களெல்லாம் போலந்து மொழி படித்துவிட்டா வாங்கினார்கள்?

தோட்டத்துக்காரனுக்கு எதற்கு என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். காமன் கூத்தில் விடியவிடியக் குளிரில் நின்று ரதியின் புலம்பலைக் கேட்கிறவன் அவன். ஒரு மணி நேரம்கூட வராத சிம்பொனி அவனுக்குப் பெரிய காரியமா?

இன்னொரு தடவை போடுங்கள். போன் ஸ்பீக்கரில் டபுள் பேஸ் சரியாகக் கேட்காது, யாரிடமாவது ஹெட்போன் இரவல் வாங்குங்கள். வீட்டில் அம்மாயி இருந்தால் அந்த மூன்றாவது பாட்டை அவருக்கும் போட்டுக் காட்டி, என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.