செப்பாங்கில் கொதிக்கும் ஆயில்: 370இசட்டுக்கு எந்தக் கூலர், எப்படிப் பொருத்துவது?

கேள்வி: என்னிடம் இருப்பது 2010 நிசான் 370இசட், ஆறு கியர் மேனுவல். செப்பாங் பந்தயத் தடத்தில் நாலாவது சுற்றிலேயே ஆயில் வெப்பம் 130 டிகிரியைத் தாண்டுகிறது. விடாமல் ஓட்டினால் எஞ்சின் மேல் சுழற்சிக்கு ஏற மறுக்கிறது. வேலைக்கும் இதே காரில்தான் போகிறேன். 34 வரிசை (அதாவது 34 தகட்டு அடுக்கு) ஆயில் கூலர் போடு என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா? தெர்மோஸ்டாட் தேவையா? – வாசகர், ஷா ஆலாம்

பதில்: கூலர் போடுங்கள். 34 வரிசை வேண்டாம், 25 போதும். ஆயில் சூடானதும் கூலருக்கு முழு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும்.

எஞ்சின் ஏற மறுப்பது பழுது அல்ல, தற்காப்பு. ஆயில் 140 டிகிரியை நெருங்கும்போது கணினி சுழற்சி வரம்பைக் கீழே இறக்கிவிடும். நிமிடத்துக்கு 7,500 சுழற்சி வரை போகும் 3.7 லிட்டர் வி6 எஞ்சினுக்குச் சம்ப்பில் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) இருப்பது ஏறத்தாழ 4.9 லிட்டர் ஆயில்தான். 5.543 கிலோமீட்டர் சுற்றில் இரண்டு நீண்ட நேர்பாதைகள், வெளியே 33 டிகிரி வெயில். கூலர் இல்லாத காரில் அந்த ஆயில் சூட்டை வெளியேற்ற வழியே கிடைப்பதில்லை.

காசு செலவழிக்கும் முன் ஆயில் பிரஷரை அளந்துவிடுங்கள். உங்கள் டாஷ்போர்டில் ஆயிலுக்கு இருப்பது வெப்பக் காட்டி மட்டும். பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கின் கேஜை மாட்டித்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் 14 பிஎஸ்ஐக்கும், 2,000 சுழற்சியில் 43 பிஎஸ்ஐக்கும் குறையக் கூடாது. குறைந்தால், முன்பக்க டைமிங் கவருக்குப் பின்னால் ஆயில் கேலரியை (எஞ்சினுக்குள் ஆயில் ஓடும் வழியை) மூடும் காகித கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். இந்த எஞ்சினின் ஆரம்ப வருடங்களில் பேர்போன பலவீனம் அது. மாற்றாக உலோக கேஸ்கட் கிடைக்கிறது. ஆனால் எஞ்சினின் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் கூலர் போட்டால், நாளைக்குப் பிரஷர் விழும்போது பழி கூலர்மேல் விழும்.

ஏன் 34 வேண்டாம்? வழக்கமான அடுக்குத் தகட்டுக் கூலரில் 25 வரிசை சுமார் 190 மி.மீ. உயரம், 34 வரிசை சுமார் 260 மி.மீ. இரண்டுமே 50 மி.மீ. தடிமன். இது போய் உட்காரும் இடம் பம்பருக்குப் பின்னால், ஏசி கண்டென்சருக்கு முன்னால். பெரிய கூலர் அங்கே அந்த அளவுக்கு ரேடியேட்டரையும் மறைக்கும். ஆயில் குளிர்ந்து தண்ணீர் சூடேறினால் என்ன லாபம்? வரிசை எண்ணிக்கையைவிடக் காற்றோட்டம்தான் முக்கியம். கூலரைச் சுற்றி இடைவெளி இருந்தால் காற்று தகடுகளுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். மெல்லிய அலுமினியத் தகடும் ஃபோம் பட்டையும் வைத்து நாலு பக்கமும் அடையுங்கள். கசிவில்லாமல் அடைத்து, உள்ளே போகப்போக விரியும் குழல் அமைத்தால், நுழைவாய் கூலர் முகப்பில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலும் போதும். கிரில்லுக்குப் பின்னால் அந்தரத்தில் தொங்கும் 34ஐவிட இப்படி அடைத்த 25 நன்றாக வேலை செய்யும்.

தெர்மோஸ்டாட் விஷயம் உங்கள் தினசரி ஓட்டத்துக்காக. ஆயில் 100 டிகிரியைத் தொட்டால்தான் அதில் சேர்ந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். தெர்மோஸ்டாட் இல்லாத கூலரோடு காலையில் மழையில் நெடுஞ்சாலையில் போனால் ஆயில் கடைசிவரை சூடாகாமலே வீடு திரும்பும். எஞ்சினுக்கும் ஃபில்டருக்கும் நடுவே உட்கார்ந்து ஆயிலைக் கூலருக்குத் திருப்பும் சாண்ட்விச் பிளேட்டுக்குள்ளேயே தெர்மோஸ்டாட் உள்ளதை வாங்குங்கள். 80 டிகிரி வாக்கில் திறக்கும். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயிலைக் கூலருக்கு விட்டுக்கொண்டே இருக்கும்படிதான் அதை வடிவமைத்திருப்பார்கள். அதனால் ஹோஸ்கள் காலியாக இருக்காது. ஆகவே குளிர்ந்த எஞ்சினில் கூலர் லேசாக வெதுவெதுப்பானால் பதறவேண்டாம்.

இனி பொருத்துவது. ஃபில்டர் ஏறும் மரை எம்20×1.5 (விட்டம் 20 மி.மீ., சுற்று இடைவெளி 1.5 மி.மீ.). பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேலேயே பிளேட்டை ஏற்றினால் இரண்டு வளையம் சேர்ந்து, பிரஷர் ஏறிய நொடியில் ஒன்று பிதுங்கி ஆயில் கொட்டும். நடு போல்ட்டைப் பிளேட் தயாரிப்பாளர் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) முறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். பிளேட்டின் தடிமனுக்கு ஃபில்டர் கீழே இறங்கும், அடித்தகட்டில் உரசாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் ஏஎன்-10 அளவு (ஏஎன் என்பது ஹோஸ், ஃபிட்டிங் அளவுக்கான ஒரு தரமுறை; எண் கூடினால் ஹோஸ் பெரிது). ஏஎன்-8 மலிவு என்று வாங்காதீர்கள், பிரஷர் இழப்பு கூடும். வேலை கெடுவது பெரும்பாலும் ஃபிட்டிங்கில்தான். ஏஎன்-10இன் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று, விட்டம் 22.2 மி.மீ. சில கூலர்களின் வாயோ எம்22×1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே போலிருக்கும். ஆனால் ஒன்றின் சுற்று இடைவெளி 1.8 மி.மீ., மற்றதன் இடைவெளி 1.5. கையால் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போய் இறுகும். 'சரி, கொஞ்சம் பலமாக' என்று ஸ்பானர் போட்டால் அலுமினிய மரை அங்கேயே வழித்துக்கொண்டு போகும். அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) வாயோடு வரும் கூலர்களும் உண்டு. எதுவென்று தெரிந்து அதற்குரிய அடாப்டரை வாங்குங்கள். விரலாலேயே கடைசிவரை போகாத ஃபிட்டிங் தவறான ஃபிட்டிங். ஏஎன் இணைப்பு 37 டிகிரி கூம்பின்மேல் அடைபடுவது, அங்கே டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. பிய்ந்த துணுக்கு ஆயில் வழியை அடைக்கும். இறுக்கும்போது இரண்டு ஸ்பானர்: ஒன்று கூலரின் வாயைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருக. ஒற்றை ஸ்பானரில் இறுக்கித்தான் பல கூலர்களின் வாய் வெல்டிலிருந்து கிழிகிறது.

கூலரை ரப்பர் மவுண்ட்டில் தாங்கவையுங்கள், நேரடியாகத் தகட்டில் போல்ட் செய்தால் அதிர்வில் விரிசல் விடும். வாய்கள் மேல்நோக்கி இருக்கட்டும். பக்கவாட்டில் என்றால் ஆயில் கீழ்வாயில் நுழைந்து மேல்வாயில் வெளியேற வேண்டும். இரண்டும் கீழே பார்த்தால் காற்று உள்ளேயே சிக்கிப் பாதிக் கூலர் சும்மா நிற்கும். ஹோஸை 30 செ.மீ.க்கு ஒரு ரப்பர் பூசிய கிளிப்பால் கட்டுங்கள். சக்கரத்தை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி எதிலும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள். எஃகுப் பின்னல் ஹோஸ் அரம் மாதிரி, தான் உரசும் எதையும் அறுத்துவிடும்.

ஆயில் கணக்கு இது: 14 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸ் ஒரு மீட்டருக்கு சுமார் 150 மி.லி. கொள்ளும். மூன்று மீட்டர் ஹோஸும் கூலரும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கூடும். கூலரில் முன்கூட்டியே ஆயில் ஊற்றிவிட்டுப் பொருத்துங்கள். ஃபியூவல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, கேஜில் பிரஷர் ஏறும்வரை பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கில் ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டிப்ஸ்டிக்கை இப்போதே நம்பாதீர்கள். தெர்மோஸ்டாட் திறந்து கூலரின் இரு முனையும் சூடான பிறகு நிறுத்தி, பத்து நிமிடம் விட்டுப் பார்த்துக் குறைவதை ஊற்றுங்கள்.

ஒவ்வொரு நட்டின்மேலும் பெயின்ட் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். முதல் 50 கிலோமீட்டரிலும் முதல் டிராக் நாளன்று ஒவ்வொரு முறை பிட்டுக்குள் வந்ததும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். செப்பாங்கில் ஆயில் 110இலிருந்து 120க்குள் நின்றால் கூலர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அதற்கும் கீழே இறக்க ஆசைப்பட வேண்டாம். கெட்டியான ஆயிலுக்கு மாறினால் வெப்பம் குறையும் என்பதும் தவறு. சூட்டிலும் ஆயில் படலம் தாங்கும், அவ்வளவுதான்.

பழைய கூலரை மலிவு விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பேரிங் போன எஞ்சினிலிருந்து கழற்றியதாக இருந்தால் உலோகப் பொடி அந்த மெல்லிய தகடுகளுக்குள்ளேயே தங்கியிருக்கும், எத்தனை முறை அலசினாலும் முழுசாகப் போகாது. அடுத்த ஆயில் மாற்றத்தின்போதும் இரண்டு விஷயம்: கூலரிலும் ஹோஸிலும் உள்ள அந்த ஒரு லிட்டர் சம்ப் வழியாக வடியாது, ஆகவே ஊற்றும் அளவு பழைய 4.9ஐத் தாண்டாது. பழைய ஃபில்டரைத் திருகிக் கழற்றும்போது சாண்ட்விச் பிளேட்டும் கூடவே திரும்புகிறதா என்று கவனியுங்கள். திரும்பினால் நடு போல்ட்டு தளர்ந்திருக்கிறது; புது ஃபில்டர் ஏறும் முன் அதை டார்க் வைத்து இறுக்கிவிடுங்கள்.