எம்ஆர்ஐ-யில் தெரியும் வெள்ளைப் புள்ளிதான் வலிப்புக்குக் காரணமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 22. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை காரணம் தெரியாமல் வலிப்பு வந்தது. இரண்டாவது வலிப்புக்கு மறுநாள் எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில், ‘இடது டெம்போரல் பகுதியில் சிறிய ஃப்ளேர் ஹைப்பர்இன்டென்சிட்டி, நான்-ஸ்பெசிஃபிக், கிளினிக்கல் கோரிலேஷன் தேவை’ என்றிருக்கிறது. கட்டியாக இருக்குமோ?

பதில்: ‘ஹைப்பர்இன்டென்சிட்டி’ நோயின் பெயர் அல்ல. ‘ஃப்ளேர்’ என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் அந்த இடம் வெளுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். டெம்போரல் என்பது காதோரமாக உள்ள மூளைப் பகுதி. வீக்கம், பழைய தழும்பு, அழற்சி, மெதுவாக வளரும் கட்டி, பிறவியிலேயே மூளையின் மேலடுக்கான புறணி சரியாக அமையாத குறை எல்லாமே அப்படித் தெரியலாம். இவற்றில் எது என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாததால்தான் ‘நான்-ஸ்பெசிஃபிக்’. கடைசி வரி, அறிகுறிகளோடு பொருத்திப் பாருங்கள் என்று நரம்பியல் மருத்துவருக்கு எழுதிய குறிப்பு.

உங்கள் விஷயத்தில் ஸ்கேன் எடுத்த நாள் முக்கியம். வலிப்பே மூளையில் தற்காலிக வீக்கத்தை உண்டாக்கக்கூடும். நாள்களிலோ வாரங்களிலோ அது வடிந்துவிடும். அதனால் சில வாரங்கள் கழித்து மறு ஸ்கேன் கேட்பார்கள். புள்ளி மறைந்திருந்தால் அது பெரும்பாலும் வலிப்பின் விளைவு. அப்படியே இருந்தால் தழும்போ பிறவிக் குறையோ மெதுவாக வளரும் கட்டியோ என்று தொடர்ந்து பார்ப்பார்கள். பெரிதாகியிருந்தால் உடனே மேல்பரிசோதனை. காய்ச்சல், நடத்தை மாற்றம், கை கால் பலவீனம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் மறு ஸ்கேனுக்குக் காத்திருக்கக் கூடாது.

இடமும் பேசும். புறணிக்குக் கீழே ஆழத்தில் நரம்பிழைகள் செல்லும் வெண்பொருளில் ஓரிரு புள்ளிகள் ஒற்றைத் தலைவலிக்காரர்களிடமும் நலமாக இருப்பவர்களிடமும் தென்படும். வலிப்போடு பெரும்பாலும் தொடர்பிராது. டெம்போரல் பகுதியின் உட்புறமோ புறணியோ என்றால் அலட்சியம் கூடாது.

சாதாரண மூளை ஸ்கேனில் ஒரு வெட்டு சுமார் 5 மி.மீ. தடிமன். சின்னப் புறணிக் குறை அதில் நழுவிவிடும். மறு ஸ்கேனை வலிப்பு நோய்க்கென்றே உள்ள ‘எபிலெப்ஸி புரோட்டோகால்’ முறையில் கேளுங்கள்: முடிந்தால் 3 டெஸ்லா (காந்தச் சக்தி அதிகமான) கருவி, 1 மி.மீ. இடைவெளியற்ற வெட்டுகள், டெம்போரல் பகுதியின் உட்புறத்திலுள்ள ஹிப்போகேம்பஸுக்குக் குறுக்காக எடுத்த படங்கள். வலிப்பு எப்படித் தொடங்கியது என்பது கோரிக்கைப் படிவத்தில் இருக்கட்டும். எங்கே உற்றுப் பார்ப்பது என்று ரேடியாலஜிஸ்ட்டுக்கு அதுதான் வழி காட்டும். ஃபிலிம் போதாது, பழைய ஸ்கேனின் சிடியையும் கொண்டுபோங்கள்.

மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி-யில் கோளாறு இடது டெம்போரலிலேயே தெரிந்தால் புள்ளியின் மீது சந்தேகம் வலுக்கும். மூளை முழுதும் பரவிய அலைகள் தெரிந்தால், புள்ளிக்கு வலிப்போடு தொடர்பில்லாமலே இருக்கலாம். ஒரு இஇஜி நார்மல் என்பதால் வலிப்பு நோய் இல்லையென்றாகாது. தூக்கத்தைக் குறைத்து மறுபடி எடுப்பார்கள். காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்துப் பொருள் கைநழுவுவதுண்டா? இதை நீங்களாகவே சொல்லுங்கள், மூளை முழுதும் பரவும் வகை வலிப்புக்குப் பலரும் சொல்ல மறக்கும் துப்பு இது.

தூண்டுகாரணம் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு வலிப்பு வந்தாலே எபிலெப்ஸி என்று முடிவு செய்யலாம், ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும். ஆகவே மறு ஸ்கேன் வரட்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். வண்டி ஓட்டுவது, தனியாக நீந்துவது, உயரத்தில் ஏறுவது மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ்.