ஆற்றுக்குச் சலசல மட்டும்தானா?

கேள்வி: ஆற்றைப் பற்றி எழுதச் சொன்னால் என் மகள் எப்போதும் 'சலசலவென ஓடியது' என்றே எழுதுகிறாள். எண்ணூரில் நாங்கள் பார்க்கும் கொசஸ்தலை ஆறு அப்படிச் சலசலப்பதே இல்லை. ஓடும் நீரின் ஒலிக்குத் தமிழில் வேறு சொற்கள் இல்லையா, ஐயா?

- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, அம்மா. ஆழம் குறைந்த நீர் கூழாங்கற்களில் மோதி ஓடும்போதுதான் சலசலக்கும். எண்ணூர் முகத்துவாரத்தை நெருங்கும் ஆற்றில் மோதுவதற்குக் கல் ஏது? அடியில் மணலும் சேறுமாகக் கிடப்பதால், கட்டிப்போட்ட படகின் பக்கத்தில் 'களக் களக்' என்று நீர் தளும்புவது மட்டுமே அங்கே கேட்கும். சலசல என்பது நீருக்கு மட்டும் உரிய சொல்லும் அன்று. 'பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது' என்னும் பழமொழியில் சலசலப்பது காய்ந்த பனையோலை.

இவை இரட்டைக்கிளவிகள்; பிரித்தால் பொருள் தாரா என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. பிரித்தால் பொருள் தராவிட்டாலும், இவையும் இரட்டிக்காமல் வரும் மற்ற ஒலிக்குறிப்புச் சொற்களும் நீரின் நிலையைத் துல்லியமாகச் சொல்லிவிடும். குறுகிய வாய் வழியே பொங்கி வருவது குபுகுபு, வானத்திலிருந்து விடாமல் கொட்டுவது சோ, ஏரி நிறைந்து, உபரிநீர் வழியும் கலங்கலில் விழுவது ஓ என்னும் இரைச்சல். அருவிக்குப் பழந்தமிழர் வைத்த சொல்லோ எனக்கு மிகவும் பிடித்தது: திருமுருகாற்றுப்படையின் முடிவில், பழமுதிர்சோலை மலையின் அருவி 'இழுமென இழிதரும்' என்று வருகிறது. அந்த ழகரத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நீர் பாறையிலிருந்து வழுக்கி இறங்குவது நாவிலேயே தெரியும்.

இவ்வளவு தொலைவு போகாமல், உங்கள் தெருக்குழாயடியிலேயே மகளைக் கேட்கச் சொல்லலாம். வெறுங்குடத்தில் விழும்போது தடதடவென்று அதிரும் தண்ணீர், பாதி நிறைந்ததும் களகளவென்று மாறி, கழுத்தை நெருங்க நெருங்க மெலிந்து உயர்ந்துகொண்டே போகும். குடத்துக்குள் மிஞ்சியிருக்கும் காற்றின் உயரம் குறையக் குறையச் சுருதி ஏறுவதே அதற்குக் காரணம். அடுத்த வீட்டாரோடு பேசிக்கொண்டே, குடத்தைப் பாராமலே சரியான நேரத்தில் குழாயை மூடும் பெண்கள் அந்தச் சுருதியைக் கேட்டுத்தான் மூடுகிறார்கள். கடைசியாக எழும் அந்த ஒலியை உங்கள் வீட்டில் எந்தச் சொல்லால் குறிப்பிடுவீர்கள் என்பதை மகளையே எழுதச் சொல்லி அனுப்புங்கள்.